ஆர்த்தோவின் ‘குரூரம்’ என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன்

கேள்வி (அரங்கியல் மாணவி):

முதுகலை நாடகவியல் இரண்டாம் பருவத்தில் படிக்கிறேன். பருவக் கட்டுரைக்குப் பிரெஞ்சு நாடகக் கோட்பாட்டாளர் அந்தோனின் ஆர்த்தோவை எடுத்துக்கொண்டது நானே தேடிக்கொண்ட வினை. 1938இல் வெளிவந்த ‘அரங்கும் அதன் இரட்டையும்’ நூலை மூன்று முறை வாசித்துவிட்டேன். வாசிக்கும்போது மெய் சிலிர்க்கிறது; மூடிவைத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அரங்கு கொள்ளைநோயைப் போன்றது என்கிறார். கலைஞன் தீயில் எரிந்துகொண்டே சைகை காட்டுபவனைப் போல இருக்க வேண்டும் என்கிறார். இவற்றை உவமைகளாகக் கொள்வதா, செய்முறைக் குறிப்புகளாகக் கொள்வதா? ஜெர்மன் நாடகாசிரியர் ப்ரெக்டைப் படித்தபோது இந்தத் திணறல் இல்லை. எதை ஏன் செய்கிறார் என்பதை அவரே சொல்லிவிடுகிறார்.

போன மாதம், ஆர்த்தோ தம் அரங்குக்கு வைத்த ‘குரூர அரங்கு’ என்ற பெயரையே இட்டு நாங்கள் செய்த வகுப்புப் பயிற்சியில் இருபது நிமிடம் அலறினோம், தரையில் உருண்டோம், சிவப்புச் சாயத்தை அள்ளிப் பூசிக்கொண்டோம். எதிரே அமர்ந்திருந்த முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் நிதானமாகக் கொட்டாவி விட்டார். முழங்கையில் ஏற்பட்ட சிராய்ப்பைவிட அதுதான் வலித்தது. நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மறுமொழி (பழைய வாசகன்):

சிக்கலில் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. குரூரம் என்றதும் நமக்கு இரத்தமும் வதையும்தான் கண்முன் வருகின்றன. பிரெஞ்சு வாசகர்களும் அப்படியே புரிந்துகொள்வார்கள் என்று ஆர்த்தோவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் 1932இல் எழுதிய கடிதங்களில், தாம் குறிப்பிடுவது இரத்தம் சிந்துவதையோ பிறரைத் துன்புறுத்துவதையோ அல்ல என்றும், எடுத்த முடிவிலிருந்து இம்மியும் நகராத கண்டிப்பை, முதலில் தன்மீதே செலுத்திக்கொள்ளும் கண்டிப்பைத்தான் என்றும் விளக்கினார். என்னைக் கேட்டால் ‘கறார்’ என்ற சொல் அவருக்கு இன்னும் நெருக்கமானது. கடைத்தெரு வாடை அடிக்கிறது என்று பேராசிரியர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஆகவே கடிதங்களை முதலிலும், 1932 அக்டோபரில் ஓர் இதழில் வந்த குரூர அரங்கின் முதல் அறிக்கையை அடுத்தும் வாசியுங்கள். கொள்ளைநோய்க் கட்டுரையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அது 1933 ஏப்ரலில் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரை. பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை விட்டுவிட்டுக் கொள்ளைநோயால் சாகும் மனிதனாகவே மாறி மேடையில் துடித்ததையும், கூட்டம் முதலில் மூச்சடைத்து, பிறகு சிரித்து, கடைசியில் எழுந்து வெளியேறியதையும் எழுத்தாளர் அனாய்ஸ் நின் தமது நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நோயைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு நோயையே கொடுக்க விரும்பினார். அதை வெறும் தாளில் வைத்துப் பொருள் தேடினால் கை ஓடாதது இயல்புதான்.

மறுமொழி (ஒத்திகைக்கூடம்):

நான் இயக்குபவன், கோட்பாட்டில் கரைகண்டவன் அல்லன். ஆனாலும் அந்த முதல் அறிக்கை பலர் நினைப்பதைவிட நடைமுறை சார்ந்தது. மேடையும் பார்வையாளர் பகுதியும் வேறு வேறாக இருக்கக் கூடாது, கிடங்கு போன்ற ஒரே கூடம் போதும், பார்வையாளர்கள் நடுவில் திரும்பக்கூடிய நாற்காலிகளில் அமர, நிகழ்வு அவர்களைச் சுற்றி நான்கு பக்கமும் நடக்க வேண்டும் என்று ஒரு தச்சரிடம் சொல்வதைப் போலச் சொல்கிறார். (புயலில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னரின் தாடியைக் காட்ட 10 மீட்டர் உயரப் பொம்மைகள் வேண்டும் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது, அதை உங்கள் துறைத் தலைவரிடம் கேட்டுவிடாதீர்கள்.)

ஒருமுறை நாங்கள் பன்னிரண்டு பேரைக் கூடத்தின் நடுவில் உட்காரவைத்து விளக்கை அணைத்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் ஒரு பித்தளை அண்டாவைச் சிமெண்டுத் தரையில் மெல்ல இழுத்தோம். இழுத்த நடிகை நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, எட்டு எண்ணும்வரை வெளியே விட்டு, அந்தக் கணக்கு பிசகாமல் ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்தார். யாரும் அலறவில்லை. மூன்றாவது சுற்றில், உட்கார்ந்திருந்தவர்கள் தாங்கள் அறியாமலே அவருடைய மூச்சோடு சேர்ந்து மூச்சுவிடத் தொடங்கியிருந்தார்கள். நடிகரை உணர்ச்சியின் தடகள வீரராகக் கருதி, மூச்சை எண்ணிப் பழகச் சொல்லும் அவருடைய கட்டுரை அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. உங்கள் பயிற்சியில் சத்தம் இருந்திருக்கும், கணக்கு இருந்ததா?

மறுமொழி (மாற்றுக்கருத்து):

மேலே இருவரும் சொன்னவை சரியே. ஆனாலும் குழப்பம் முழுவதும் மாணவியின் தலையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 1931இல் பாரிசில் நடந்த காலனியக் கண்காட்சியில் பாலித் தீவு நடனத்தைக் கண்டு ஆர்த்தோ பரவசமடைந்தார். சொல்லுக்கு அடிமையாகாத தூய அரங்கு அது என்று முடிவுகட்டினார். அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு கண்ணசைவுக்கும் அதை ஆடுபவர்களிடையே பொருளும் மரபும் உண்டு. தெருக்கூத்து அடவுகளை அருகிலிருந்து பார்த்த எவருக்கும் இது புதிதல்ல. அவர் அவற்றைப் பிரபஞ்சக் குறிகளாக வாசித்தார். இந்தத் தவறான வாசிப்பைச் சுட்டிக்காட்டிய போலந்து இயக்குநர் க்ரோட்டோவ்ஸ்கி, ஆர்த்தோ முன்வைத்தவற்றை அப்படியே நிறைவேற்ற முடியாது, அவர் ஒரு செய்முறையை விட்டுச்செல்லவில்லை என்றும் எழுதினார். ஆர்த்தோவே 1935இல் ‘சென்சி’ நாடகத்தை மேடையேற்றியபோது அவருக்குக் கிடைத்தது வழக்கமான மேடை கொண்ட ஓர் அரங்குதான். ஒலிபெருக்கிகளைக் கூடத்தைச் சுற்றி வைத்து, பதிவுசெய்த தேவாலய மணியோசையை நாலாபுறமும் முழங்கவிட்டார். நாடகம் 17 முறை மேடையேறியதோடு நின்றது. எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்று இந்த ஒரு தயாரிப்பை மட்டும் எடுத்து ஆராய்ந்தாலே உங்கள் கட்டுரைக்குப் போதும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கடிதங்களை நேற்றிரவு வாசித்தேன். கட்டுரையைச் ‘சென்சி’யோடு நிறுத்திக்கொள்ள வழிகாட்டியும் சம்மதித்துவிட்டார். ஒத்திகைக்கூடம் ஐயா கேட்டதற்குப் பதில்: கணக்கு எதுவும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி முயல்கிறோம். சுழல் நாற்காலி எங்கள் துறை அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கொட்டாவி விட்ட தம்பிக்கு ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்குப் பாய் விரிக்கப்போகிறோம்.