ஔவைக்கு எத்தனை முகவரி?

கரிசல்காட்டான்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "தமிழில் இணைய முகவரி கேட்பது வீண் பெருமை. ஆங்கிலத்தில் இருப்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் அம்மா தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கில எழுத்து தெரியாது. பேரன் எழுதித் தரும் முகவரியைத் துண்டுச்சீட்டில் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறார். முகவரியின் கடைசியில் .in-க்குப் பதிலாகத் தமிழில் போடும் .இந்தியா 2011-லேயே வந்துவிட்டது. அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது நம் வேலை இல்லையா?

மணிமுத்தாறு: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஒரே கேள்வி. 'ஔ' என்று ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம். 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' போட்டும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரு வங்கி ஔவை என்று முகவரி வாங்கினால், மோசடிக்காரன் ஒளவை வாங்குவான். உங்கள் அம்மாவின் பணம் எங்கே போகும்?

கரிசல்காட்டான்: இது தமிழுக்கு மட்டும் வந்த நோயா? 2017-இல் ஓர் ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை, ரஷ்ய மொழி எழுதப்படும் சிரில்லிக் எழுத்துகளால் பதிந்து காட்டினார். சில உலாவிகளில் அசல் முகவரி போலவே தெரிந்தது. அதற்காக ஆங்கில முகவரியை யாராவது மூடினார்களா? உலாவியைத் திருத்தினார்கள். நம் எழுத்துகளுக்கும், இந்திய மொழி எழுத்துகளை இணைய முகவரியில் எப்படி வைப்பது என்று பார்க்கும் நியோ பிராமி குழுவில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து, 2019-இல் தமிழுக்கு விதி வகுத்துக் கொடுத்தார்கள்.

மணிமுத்தாறு: அந்த விதி வேர்மட்டத்துக்கு, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதற்கு. புள்ளிக்கு முன்னால் வருவது அந்தந்தப் பதிவகத்தின், அதாவது முகவரிகளைப் பதிந்து கொடுக்கும் அமைப்பின் பாடு. பாதி படித்துவிட்டு முழுதாகப் பேசாதீர்கள். ஔ-வுக்குப் பதில் எங்கே?

இணுவிலான்: அண்ணை, நீங்கள் 2011 என்று பெருமைப்படுகிறீர்கள். .இலங்கை 2010-இலேயே வந்துவிட்டது, சிங்கள முகவரியோடு சேர்ந்து. அதை ஒருவரும் சொல்லவில்லை.

கரிசல்காட்டான்: யார் முந்தி என்பதா இப்போது பேச்சு, தம்பி?

இணுவிலான்: உங்களுக்கு எப்போதும் தமிழ் என்றால் தமிழ்நாடு மட்டும்தான். போன மாதமும் இப்படித்தான் எழுதினீர்கள்.

செங்காந்தள்: ஔவையை விடுங்கள். மின்னஞ்சல் முகவரியில் எந்த மொழி எழுத்தும் வரலாம் என்று 2012-லேயே தரநிலை வந்தாயிற்று. நான் தமிழில் ஒன்று வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு விண்ணப்பத்தில் கொடுத்தேன். 'செல்லாத முகவரி' என்று சிவப்பில் வந்தது. மூன்று முறை. அந்தப் படிவத்தை எழுதியவரும் தமிழர்தான்!

மணிமுத்தாறு: ஏன் விட வேண்டும்? ஔ-தான் இங்கே கேள்வியே.

தனித்தமிழ்ப்பித்தன்: 'அவ்வை' என்று எழுதுங்கள், முடிந்தது. இலக்கணம் இடம் தருகிறது. ஔ-வும் வேண்டாம், ள-வும் வேண்டாம். அப்படியே ஸ்ரீ-யையும் தூக்கி எறியுங்கள். அதற்கும் ஔ போலவே கணினியில் இரண்டு குறியேற்றம் இருக்கிறது.

கரிசல்காட்டான்: என் குலசாமி பெயரில் ஸ்ரீ இருக்கிறது. தூக்கி எறிய நீங்கள் யார்?

மணிமுத்தாறு: பார்த்தீர்களா, ஒரு எழுத்துக்கே இங்கே நாலு பேர் ஒத்துப்போகவில்லை. திரும்பவும் கேட்கிறேன்: ஔவை முகவரியை ஒருவருக்குக் கொடுத்தால் ஒளவை யாருக்கு?

கரிசல்காட்டான்: அதே ஆளுக்கு, இல்லையென்றால் யாருக்கும் இல்லை. பதிவகம் பூட்டி வைக்கட்டும். எத்தனை முறை சொல்வது?

மணிமுத்தாறு: இப்போதுதான் முதல் முறை சொல்கிறீர்கள்.

இணுவிலான்: .இலங்கை பற்றி இன்னும் பதில் வரவில்லை.