குவாதலூப்பில் 12 இரவு: ஒரே ஹோட்டலா, இரண்டாகப் பிரிப்பதா?

சீனிச்சம்பல்:
பெப்ரவரி பள்ளி விடுமுறைக்குப் பரிஸிலிருந்து கரீபியனில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போகிறோம். 12 இரவு. நான், மனுசன், 6 வயதிலும் 10 வயதிலும் பிள்ளைகள், கூடவே 68 வயது அம்மா. டிக்கெட் எடுத்தாச்சு, காரும் சொல்லியாச்சு. தங்குமிடத்தில்தான் வீட்டுக்குள் சண்டை. சேந்த்-ஆன் கடற்கரைப் பக்கம் நீச்சல்குளத்தோடு ஒரு ஹோட்டல் பார்த்திருக்கிறேன். 12 இரவும் அங்கேயே இருந்துகொண்டு மற்ற இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது என் எண்ணம். மனுசனோ பாதி நாள் மலைப்பக்கம், தெஹேயில் இருக்க வேண்டும் என்கிறார். பெட்டி கட்டி அவிழ்ப்பது யார் என்று கேட்டால் பதில் இல்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவைக்காரன்:
நான் உங்கள் கணவர் கட்சி. அதை ஒரே தீவு என்று நினைப்பதில்தான் குழப்பமே. வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி இரண்டு தீவுகள், நடுவில் ரிவியேர் சாலே என்று ஒரு குறுகிய உப்புநீர் ஓடை. கிழக்கே கிராந்த்-தேர்: சுண்ணாம்புத் தரை, கரும்பு, வெள்ளை மணல், உங்கள் சேந்த்-ஆனும் இங்கேதான். மேற்கே பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவி. (பெயரை நம்பாதீர்கள். ‘பெரிய நிலம்’ என்பதுதான் சின்னது. ‘தாழ்ந்த நிலம்’ என்பதில்தான் 1,467 மீட்டர் சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது.) இரண்டுக்கும் நடுவே காரில் போக இரண்டே பாலங்கள். காலையில் கிராந்த்-தேரிலிருந்து வேலைக்குப் போகிற ஜனமெல்லாம் பாஸ்-தேர் பக்கமுள்ள ஜாரி தொழிற்பேட்டைக்குப் போவது அந்த வழியாகத்தான். நாங்கள் சேந்த்-ஆனிலிருந்து ஏழரைக்குக் கிளம்பினோம். பாஸ்-தேரின் மேற்குக் கரையில் மலாந்தூர் போய்ச் சேரும்போது மணி பத்து. அடியில் கண்ணாடி வைத்த படகு கிளம்பிப் போயே விட்டது. சின்னவள் கரையில் நின்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

பெட்டிதூக்கி:
ஏழரைக்கு ஏன் வெளிக்கிட்டீர்கள்? அங்கே குளிர்காலத்தில் பரிஸைவிட 5 மணி நேரம் பின்னால். முதல் நாலைந்து நாள் பிள்ளைகள் விடியற்காலை நாலு மணிக்கே எழும்பிக் கட்டிலில் குதிப்பார்கள். ஐந்தரைக்குக் காரில் ஏற்றினால் பாலம் வெறிச்சோடிக் கிடக்கும், விடியும்போது காட்டுக்குள் நிற்கலாம்.

தங்கச்சி, இடம் மாறுகிற நாளை யோசியுங்கள். ஒன்றில் காலை 11 மணிக்கு வெளியே, மற்றதில் மாலை 4 மணிக்கு உள்ளே. நடுவில் ஐந்து மணி நேரம் ஐந்து பேரும் அவ்வளவு பெட்டியும் ஒரே காரில். பெட்டி தெரியத் தெரியக் கடற்கரையில் காரை விட்டுப் போக மனம் வராது. அது 12 நாளில் ஒரு நாளைத் தொலைப்பதுதான். அதோடு சுத்தம் செய்கிற காசு இரண்டு தரம். பெப்ரவரியில் நல்ல வீடுகளைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் தருவார்கள், அதையும் பாருங்கள்.

மழைக்காகம்:
நடுவில் ஒரே வீடு எடுத்தால் என்ன? பெத்தி-பூர் பக்கம். இரண்டு தீவும் கிட்டம்.

புதுவைக்காரன்:
கிட்டம்தான். ஆனால் கடற்கரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, சர்காசும் பாசி வந்தால் முதலில் அடிவாங்கும் கரைகளில் அதுவும் ஒன்று.

மழைக்காகம்:
சரி, அதை விடுகிறேன். ஆனால் பாசியைச் சொன்னது நல்லது. 2011-இலிருந்து இது அங்கே பெரிய தலைவலி. அட்லாண்டிக் பக்கமிருந்து காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு வருவதால் கிழக்கு, தெற்குக் கரைகளில் ஒதுங்கும். மேற்கே தெஹே, பூயாந்த் பக்கம் பெரும்பாலும் தப்பிவிடும். பெப்ரவரியில் பொதுவாகப் பாசிக்காலம் தொடங்கியிருக்காது, ஆனாலும் உறுதி சொல்ல முடியாது. 12 இரவுக்கும் ஒரே கரையில் காசைக் கட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்தால் கூழ்முட்டை நாற்றம் என்றால் என்ன செய்வீர்கள்? இன்னொன்று தண்ணீர். கிராந்த்-தேரில் பல இடங்களில் முறைவைத்துக் குழாயை நிறுத்துவார்கள். தாங்கி இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு இரவுக்கும் பணம் கட்டாதீர்கள்.

பெட்டிதூக்கி:
பாசி வந்தால் காரை எடுத்துக்கொண்டு தெஹேயில் கிராந்த்-ஆன்ஸ் கடற்கரைக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாமே. நாற்றம் அறைக்குள் வந்தால் மட்டும் என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

புதுவைக்காரன்:
குளித்துவிட்டு வரலாம். ஆனால் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். மலை வளைவில் இரவில் ஓட்டப் பயந்து நாலு மணிக்கே எல்லாரும் துண்டை உதறிக் கிளம்புவார்கள். மேற்குக் கரையில் கடலுக்குள் சூரியன் இறங்குவதை அங்கே தங்கியவன்தான் பார்ப்பான். சூஃப்ரியேரும் அப்படித்தான். கார் போவது பேன் ஜோன் வரைக்கும், அது 950 மீட்டர். அங்கிருந்து உச்சிக்கு ஒன்றரை இரண்டு மணி நேர ஏற்றம். மேகம் மூடுவதற்கு முன்னால் ஏற வேண்டும். சேந்த்-ஆனிலிருந்து போய் ஏறுவதென்றால் நடுராத்திரியில் அலாரம் வைக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் அம்மாவுக்காக ஒன்று. கப்பெஸ்தேரில் பெரிய சாலையோரமாகவே சாங்கி கோயில் இருக்கிறது, நம்மூர் மாதிரி வண்ண வண்ணமாகச் சிலைகள். 1854 டிசம்பர் 24-இல் ‘ஒரேலி’ கப்பல் வந்ததிலிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய நம் சனங்கள் கரும்புத் தோட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். அங்கிருந்த இந்தியருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு வழக்காடிய ஆன்ரி சிதம்பரம் கப்பெஸ்தேர்க்காரர்தான். இன்றைக்கு அங்கே தமிழ் பேசுவோர் அபூர்வம், ஆனால் மாரியம்மனை ‘மாலியெமின்’ என்கிறார்கள். உணவகத்தில் ‘கொலொம்போ’ என்று எழுதியிருந்தால் பயப்படாமல் வாங்குங்கள், நம் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம்.

சீனிச்சம்பல்:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்சி மாறிவிட்டார். இப்போது வீட்டில் நான் தனி.

பெட்டிதூக்கி:
அவசரப்படாதீர்கள். அண்ணன் பேச்சில் ஒரு ஓட்டை இருக்கிறது. கப்பெஸ்தேர் கோயில், கார்பே அருவி, லே சேந்த் தீவுக்குக் கப்பல் ஏறுகிற த்ருவா-ரிவியேர், மூன்றும் பாஸ்-தேரின் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கின்றன. தெஹே வடமேற்கு மூலை. அங்கே தங்கினால் இதில் ஒன்றுகூடக் கிட்ட வராது! கோயிலுக்குச் சேந்த்-ஆனிலிருந்து போவதே சுகம். அப்படியானால் பாதி நாள் மலைப்பக்கம் போய் நீங்கள் சம்பாதிப்பது ஒரு தாவரத் தோட்டமும் ஒரு கடற்கரையும்தான்.

புதுவைக்காரன்:
இது நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன். தெஹே வேண்டாம், பூயாந்த் பக்கம் எடுக்கச் சொல்லுங்கள். மலாந்தூர் படகுத்துறை வாசலில். அங்கிருந்து தெற்கே ஒரு ஓட்டம் ஓடினால் எரிமலை. மலைக்காட்டைக் குறுக்கே வெட்டிப் போகும் திராவெர்சே சாலையும் பக்கம். அதில் எக்ரெவிஸ் அருவிக்குச் சில நிமிட நடைதான், அம்மாவும் வரலாம். கோயிலையும் லே சேந்தையும் சேந்த்-ஆன் நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிதூக்கி சொன்ன மாதிரி விடியற்காலையில்.

பெட்டிதூக்கி:
பூயாந்த் என்றால் எதிர்க்க மாட்டேன். ஆனால் நாலு இரவுக்கு மேல் வேண்டாம், அங்கே மழை அதிகம்.

மழைக்காகம்:
மலைப்பக்கத்தை முதலில் வையுங்கள். விடியற்காலையில் முழிப்பு வருகிற நாட்களில் மலை ஏறினால் அலாரமே தேவையில்லை. கடைசியில் கடற்கரையில் விழுந்து கிடக்கலாம்.

பெட்டிதூக்கி:
கேட்க நல்லாத்தான் இருக்கு. பரிஸ் விமானம் பின்னேரம் இறங்கும். கார்ச் சாவிக்கு வரிசை. வெளியே வரும்போது இருட்டு. ஒன்பது மணி நேரம் பறந்த களைப்பில் அந்த வளைவுகளில் முதல் இரவே ஓட்டுவதா? உங்கள் மனுசன் ஓட்டத் தயார் என்றால் போங்கள்.

சீனிச்சம்பல்:
சேந்த்-ஆன் 8 இரவு, பூயாந்த் 4 இரவு என்று முடிவாகிவிட்டது. தாங்கி வைத்த வீடு ஒன்று கிடைத்தது, சனிக்கிழமைக் கணக்கு பார்க்காமல் 4 இரவுக்குத் தர வீட்டுக்கார அம்மா சம்மதித்துவிட்டார். மாறுகிற நாளில் மதியமே பெட்டியை இறக்கிவிடலாமாம். ஆனால் பெட்டிதூக்கி அண்ணா, சேந்த்-ஆன்தான் முதலில். மனுசனுக்கு லைசென்ஸ் இல்லை. ஓட்டுவது நான்.