வற்றத்தில் பாஸ் மீனை எங்கே தேடுவது?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் மேரிலாந்தில், பொட்டோமாக் ஆற்றில் கலக்கும் மேட்டவுமன் ஓடையில் கயாக்கில் (சின்னத் துடுப்புப் படகு) போய் பாஸ் மீன் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கடல் தூரத்தில் இருந்தாலும் ஓதம் இங்கே வரை வருகிறது. சுமார் ஆறு மணி நேரம் நீர் ஏறும் (ஏற்றம்), அப்புறம் இறங்கும் (வற்றம்).

ஏற்றத்தில் பாசிக்கு மேலே ரப்பர் தவளையை (போலி இரை) இழுத்தால் மீன் பாய்ந்து அடிக்கிறது. வற்றத்தில்தான் சிக்கல். ஹைட்ரில்லா, நம் ஊரிலும் இருக்கும் நீர்ப்பாசிதான், பாய் விரித்தது போல் நீர்மேல் படுத்துவிடுகிறது. போன சனிக்கிழமை முழங்கால் ஆழம்கூட இல்லை. துடுப்பில் பாசி கொத்துக் கொத்தாகச் சுற்றியது; ஒவ்வொரு வீச்சுக்கும் தூண்டிலை வழித்துவிட வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்தில் ஒரு மீன்கூட இல்லை.

நீர் இறங்கும்போது மீன் பாசியின் வெளி ஓரத்துக்கு, ஆழமான பக்கம் நகரும் என்கிறார்கள். சரி, அங்கே முள்முனையை மறைத்த ரப்பர் புழு போதுமா? புழுவை அமிழ்த்தும் ஈயக் குண்டு எவ்வளவு எடை? நீரோட்டத்தில் கயாக்கை நிறுத்த நங்கூரமா, சேற்றில் குத்தும் கழியா? நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டினால் கவிழ்த்துவிடும் என்பதால் எனக்குப் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஞாயிறு விடியற்காலையில் மறுபடி இறங்குகிறேன்.