வளாகத்தில் ஃப்ளூ தடுப்பூசி: ஒப்புக்கொள்ளும் மாணவர்கள் ஏன் வருவதில்லை?

கேள்வி: மாணவர் நலப் பிரிவு அலுவலர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழக வளாகத்திலேயே மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட நிர்வாகம் இசைவு தந்துள்ளது. சுகாதார மையத்தில் மருத்துவரும் செவிலியர்களும் இருக்கிறார்கள். மருந்துக்கும் தட்டுப்பாடு இல்லை. ஆனால், சென்ற ஆண்டு சுவரொட்டிகள் ஒட்டி, துறைதோறும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியும், வந்தவர்கள் மிகச் சிலரே. கூட்டத்தில் "கட்டாயம் போட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னவர்களில் பலரும் வரவில்லை. விடுதியில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், சில நாள்களில் அந்தத் தளமே படுத்துவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. இம்முறை எதை மாற்றலாம்?

மறுமொழி 1: பொது சுகாதாரப் பேராசிரியர்

வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போவதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடையே ஹோவர்ட் லெவன்தாலும் அவருடைய சகாக்களும் டெட்டனஸ் தடுப்பூசி குறித்து நடத்தி 1965இல் வெளியிட்ட ஆய்வு, உங்கள் நிலைமைக்கு மிகவும் பொருந்துகிறது. நோயின் கொடுமையை அச்சமூட்டும் வகையில் விவரித்த கையேட்டைப் படித்தவர்களுக்கு, ஊசி தேவை என்ற எண்ணம் வலுப்பட்டது. ஆயினும் அந்த எண்ணம் மட்டும் அவர்களைச் சுகாதார மையத்துக்கு அழைத்து வரவில்லை. கையேடு படித்தவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும், மையம் எங்கே இருக்கிறது என்று குறிக்கப்பட்ட வளாக வரைபடத்தைக் கொடுத்து, தங்கள் வார அட்டவணையைப் பார்த்து எப்போது போவது, எந்த வழியாகப் போவது என்று முடிவுசெய்துகொள்ளச் சொன்னார்கள். இவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டார்கள். வரைபடமும் திட்டமும் இல்லாதவர்களில் அது 3 விழுக்காடுதான். இத்தனைக்கும் மையம் இருக்கும் இடம் அந்த மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

ஆகவே, விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் செலவிடும் உழைப்பில் பெரும்பகுதியை நேரம் ஒதுக்கித் தருவதற்குத் திருப்பிவிடுங்கள். "இந்த வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்னும் அறிவிப்பைவிட, "உங்கள் வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை 11 மணி முதல் 12 மணி வரை, நூலகத்தின் கீழ்த்தளம்" என்னும் அறிவிப்புக்கு ஆள் வருவார்கள்.

மறுமொழி 2: முகாம்களில் பணியாற்றும் செவிலியர்

பேராசிரியர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. அப்படி வருபவர்களைச் சரியாகக் கவனிக்காவிட்டால், மறுநாள் ஒருவரும் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஊசி போட்டதும் தலைசுற்றி மயங்குவது இளவயதினரிடம்தான் மிகுதி. வரிசையில் நிற்பவர்கள் கண்முன்னே ஒருவர் சரிந்து விழுந்தால், பின்னால் இருப்பவர்கள் மெல்லக் கலைந்துவிடுவார்கள். ஆதலால் எல்லோரையும் உட்காரவைத்தே ஊசி போடுங்கள். போட்ட பிறகு 15 நிமிடம் அமர்ந்திருக்க நாற்காலிகள் போடுங்கள். ஊசியைக் கண்டாலே அஞ்சுபவர்களுக்குத் திரைமறைவில் ஒரு படுக்கையும் இருக்கட்டும். அரிதாகத்தான் கடும் ஒவ்வாமை ஏற்படும் என்றாலும், அட்ரினலின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடாகிவிடுமோ என்ற பயத்தில் மருந்துக் குப்பிகளை உறைந்த ஐஸ் பேக்கின்மீது நேரடியாக வைத்துவிடுகிறார்கள். ஒருமுறை உறைந்த மருந்தை, உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது.

மறுமொழி 3: வளாக மருத்துவர்

காலத்தைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், உங்கள் பகுதியில் ஃப்ளூ பரவத் தொடங்கும் முன்பே முகாமை முடித்துவிடுவது நல்லது. தேர்வு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சென்ற பருவத்தில் மிஞ்சிய மருந்தைப் பயன்படுத்த வேண்டாம். எந்த வைரஸ் வகைகள் மருந்தில் இடம்பெற வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் வடகோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென்கோளத்துக்குச் செப்டம்பரிலும் புதிதாகப் பரிந்துரைக்கிறது.

மாணவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பரவும் வைரஸோடு மருந்து நன்கு பொருந்தும் ஆண்டுகளில்கூட, மருத்துவரை நாட வைக்கும் அளவிலான ஃப்ளூவின் அபாயத்தை இது 40 முதல் 60 விழுக்காடுதான் குறைக்கிறது. ஆனால் நோய் முற்றி மருத்துவமனையில் சேரும் நிலையையும் குறைக்கிறது. கையில் வலியும் ஓரிரு நாள் உடல்சோர்வும் வரலாம். செயலிழந்த வைரஸிலிருந்து செய்த ஊசியால் ஃப்ளூ வராது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்புவாரியாக நேரம் ஒதுக்கும் அட்டவணையை நாளையே தயாரிக்கத் தொடங்குகிறேன். ஓர் ஐயம்: கருவுற்றிருக்கும் பணியாளர்களும் ஆய்வு மாணவிகளும் இருக்கிறார்கள், அவர்களையும் அழைக்கலாமா?

மறுமொழி 4: வளாக மருத்துவர்

அவசியம் அழையுங்கள். கருவுற்றவர்களுக்கு ஃப்ளூ கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், எந்த மாதமானாலும் அவர்களுக்கு இந்த ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருப்பதால், அதை மட்டும் அவர்களுக்குத் தரக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் இதற்கென ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள்.