ஆம்பளை உடம்புல ஈஸ்ட்ரோஜன் இருந்தா ரத்தக் குழாய் கெடுமா?

யீஷூன் மச்சான்:
வணக்கம். வயசு 46, ராத்திரி ஷிப்ட் வேலை. பலதுறை மருந்தகத்துல பிரஷருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை தர்றாங்க. ஜிம்ல பழக்கமான ஒருத்தர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கிறவர். "உன் தொப்பையில ஈஸ்ட்ரோஜன் ஊறுது, அதுதான் ரத்தக் குழாயைக் கெடுக்குது, அதை அடக்கணும்"னு சொல்லி கொஞ்சம் அனாஸ்ட்ரசோல் மாத்திரையை ஜிப்லாக் பையில போட்டுக் கையில திணிச்சுட்டார். அட்டையும் இல்லை, பேரும் இல்லை. நான் இன்னும் தொடலை. எங்கப்பா மாரடைப்புல போனவர், அதான் யோசனை. பொம்பளைங்களுக்கு இதயத்தைக் காக்குதுன்னு சொல்ற சமாச்சாரம் நமக்கு மட்டும் எப்படி விஷமாகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காப்பிஓ கொசோங்:
டாவ் ஹுவே (சோயாவுல செய்யுற இனிப்பு), சோயா பால் ரெண்டையும் நிறுத்துங்க அண்ணே. எல்லாம் தானா அடங்கும்.

ஸ்கேன் அக்கா:
டாவ் ஹுவே பாவம், விட்டுடுங்க. சோயா சாப்பிடுற ஆண்களோட ஹார்மோன் அளவு மாறலைன்னு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தே சொல்லிட்டாங்க. அதுல ஊத்துற சீனிப்பாகுக்கு வேணா பயப்படுங்க.

தம்பி, நான் ரத்தக் குழாய் ஸ்கேன் எடுக்கிற வேலையில இருந்து ஓய்வு வாங்கினவ. டாக்டர் இல்லை. ஆனா குழாய் விரியுறதைத் திரையில பார்த்த கண்ணு இது. முன்கையில பிரஷர் பட்டையைச் சுத்தி 5 நிமிஷம் இறுக்கிடுவோம். விரலெல்லாம் மரத்து வெளிறிப் போகும், சிலர் கெட்ட வார்த்தையே சொல்வாங்க. பட்டையை அவிழ்த்ததும் ரத்தம் பாயும். அந்த உரசல்ல குழாயோட உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடை விடும், மேல்கைத் தமனி கொஞ்சம் அகலமாகும். 4 மில்லிமீட்டர் குழாய்ல மில்லிமீட்டர்ல ஒரு துளி வித்தியாசம்தான். அதுக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அளப்போம். உள்சுவர் சோர்ந்திருந்தா அது கூட விரியாது.

அந்த நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கச் சொல்லித் தூண்டுறதுல ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. ஆணுக்கும்தான். உங்க டெஸ்டோஸ்டிரோன்ல கொஞ்சத்தை அரோமட்டேஸ்ங்கிற நொதி ஈஸ்ட்ரோஜனா மாத்துது. கொழுப்புல மட்டுமில்லை, குழாய்ச் சுவருக்குள்ளேயே அந்த வேலை நடக்குது. 1994ல ஒருத்தரைப் பத்தி எழுதினாங்க. வயசு 28, உயரம் 204 செ.மீ., அப்பவும் வளர்ந்துக்கிட்டே இருந்தார். உடம்புல ஈஸ்ட்ரோஜன் நிறையவே இருந்தும், அதை வாங்கிக்கிற ஏற்பி மரபுக் கோளாறால வேலை செய்யலை. 1997ல அவரைச் சோதிச்சப்போ, நான் மேலே சொன்ன விரிவு ரொம்ப மோசம். அந்த வயசுலேயே இதயத் தமனியில சுண்ணாம்பும் படிஞ்சிருந்தது. 2003ல நல்லா இருந்த இளைஞர்களுக்கு, அரோமட்டேஸைத் தடுக்கிற அனாஸ்ட்ரசோலை 6 வாரம் கொடுத்துப் பார்த்தாங்க. விரிவு குறைஞ்சது. உங்க ஜிப்லாக்ல இருக்கிற அதே மருந்து!

யீஷூன் மச்சான்:
நன்றிக்கா. அப்போ கொஞ்சம் கூடுதலா ஏத்திக்கிட்டா இன்னும் நல்லதா? என் பெரியப்பாவுக்கு அந்தக் காலத்துல புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தாங்க, கால்ல ரத்தம் உறைஞ்சுடுச்சு.

ஸ்கேன் அக்கா:
உங்க பெரியப்பா கதையிலேயே பதில் இருக்கு. அமெரிக்காவுல 1960கள்ல மாரடைப்பு வந்து பிழைச்ச ஆண்களுக்கு, மறுபடி வராம இருக்க ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தாங்க. 5 மில்லிகிராம் கொடுத்த பிரிவை 1970ல நிறுத்தினாங்க, 2.5 கொடுத்ததை 1973ல. காக்கிறதுக்குப் பதிலா உறைகட்டியும் மாரடைப்பும்தான் கூடுச்சு.

விழுங்கினா நேரா கல்லீரலுக்குப் போகும். அது ரத்தம் உறையுற புரதங்களைக் கூடுதலாச் செய்ய ஆரம்பிச்சுடும். குழாய்ச் சுவர் நல்லா விரிஞ்சு என்ன புண்ணியம், உள்ளே கட்டி அடைச்சா? தோல்ல ஒட்டுற பட்டையா கொடுத்தா கல்லீரலுக்கு அந்தச் சுமை இல்லை. பிரிட்டன்ல புரோஸ்டேட் நோயாளிங்ககிட்ட ஒப்பிட்டுப் பார்த்ததுல, பட்டை ஒட்டினவங்களுக்கும் டெஸ்டோஸ்டிரோனை அடக்குற வழக்கமான ஊசி போட்டவங்களுக்கும் இதயப் பாதிப்பு ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருந்தது. ஆனா அது புற்றுநோய்க்கான சிகிச்சை, உங்களுக்கு எதுக்கு அது?

பாசிர் ரிஸ் பளுதூக்கி:
நானும் ஜிம் கட்சிதான், ஆனா அக்கா பக்கம். 2013ல பாஸ்டன்ல ஒரு ஆய்வு. ஆண்களோட சொந்த ஹார்மோனை நிறுத்திட்டு, டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து, சிலருக்கு மட்டும் ஈஸ்ட்ரோஜனா மாறாதபடி அனாஸ்ட்ரசோலும் சேர்த்தாங்க. அப்படித் தடுத்தவங்களுக்குத்தான் உடம்புல கொழுப்பு ஏறுச்சு, தாம்பத்திய ஆசையும் குறைஞ்சது. தொப்பையைக் குறைக்கவா உங்க நண்பர் அதைக் கொடுத்தார்? நல்லா இருக்கு! அதுவும் இங்கே சிங்கப்பூர்ல டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து. பேரில்லாத மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

யீஷூன் மச்சான்:
சரி, பையை மருந்தகத்துக்கே கொண்டு போய்க் காட்டுறேன். ஊசி போடுற நண்பர்கிட்ட என்ன சொல்றது? நாம சொன்னா கேக்குற ஆள் இல்லை.

ஸ்கேன் அக்கா:
ஹீமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு, எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க. டெஸ்டோஸ்டிரோன் ஊசி சிவப்பணுவைக் கூட்டி ரத்தத்தைக் கெட்டியாக்கும். 54 விழுக்காட்டைத் தாண்டினா டாக்டருங்க ஊசியை நிறுத்திடுவாங்க. அப்படின்னா என்னன்னு திருப்பிக் கேட்டார்னா, அவரையும் கையோட கூட்டிக்கிட்டுப் போங்க.