டிரக்கியாஸ்டமி பயிற்சிக்கு யோசனை சொல்லுங்கள்

ஐசியூவில் இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு டிரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுப் போடும் குழாய்) பராமரிப்பு சொல்லித்தர வேண்டும்.

போன வாரம் இரவு, ஒருவருக்குச் சளி காய்ந்து உள்குழாய் அடைத்துக்கொண்டது. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 82 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பணியில் இருந்த பெண் சக்‌ஷன் கதீட்டரையே (சளி உறிஞ்சும் குழாய்) திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தாள். உள்குழாயைக் கழற்றியதும் சரியானது. திட்ட மனம் வரவில்லை, யாரும் அவளுக்குக் காட்டித்தந்ததில்லையே!

கஃப் (குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பை) அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. தண்ணீர் அளவு, தலைமாட்டில் அதே அளவில் ஒன்று, ஓர் அளவு சிறியதில் ஒன்று என மாற்றுக் குழாய்கள். எல்லாம் ஒப்பிக்கிறார்கள். குழாய் கழன்றால்தான் கை நடுங்குகிறது.

பயிற்சிப் பொம்மை வாங்க நிதி இல்லை. கையில் கிடைத்ததை வைத்தே கழுத்து மாதிரி செய்தவர்கள் இருக்கிறீர்களா? தோலுக்கு எதைப் பயன்படுத்தினீர்கள்? படம் இருந்தால் போடுங்களேன்.