எஸ்.எஸ். கம்பியில் மரை: டையா, லேத்தா?

தேங்காய்த்திட்டு மெக்கானிக்: புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் கடல்நீரை அடைக்கும் கிளாண்டுக்கு, 316 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பியில் எம்12, அதாவது 12 மி.மீ. தடிமனில், ஸ்டட்டுகள் (இரு முனையிலும் மரையுள்ள தண்டுகள்) செய்யச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தேன். டையால் (கம்பியின் மேல் திருகி மரை வெட்டும் பல் வளையத்தால்) மரை போட்டுக் கொடுத்தார்கள். நட்டு பாதி தூரம் கையாலேயே ஏறியது. பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டது. ஸ்பேனர் போட்டதும் ஸ்டட் முறிந்துவிட்டது. முறிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மரையின் சரிவு முழுக்கச் சொரசொரவென்று கிழிந்திருந்தது. நட்டிலிருந்து உரிந்த உலோகம் அதில் அப்பிக் கிடந்தது. எஸ்.எஸ். மீது எஸ்.எஸ். ஏறும் இடத்தில் சரிவு வழவழப்பாக இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிப் பற்றிக்கொள்ளும். ஆகவே என் கட்சி இதுதான்: இந்த உலோகத்தில் டை வேண்டாம், லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஒற்றை முனைக் கருவியால்தான் மரை வெட்ட வேண்டும்.

முதுநகர் டர்னர்: அண்ணா, டையின் மீது பழி போடாதீர்கள். கம்பியை அப்படியே முழு 12 மி.மீ. தடிமனில் டைக்குள் விட்டிருப்பார்கள். எஸ்.எஸ். வெட்டுப்படும்போது பிதுங்கும், பிதுங்கியது பல்லிடுக்கில் சிக்கினால் சரிவு கிழியத்தான் செய்யும். முதலில் 11.8 வரை கடைந்து, முனையில் 45 டிகிரி சரிவு எடுத்து, டெயில்ஸ்டாக்கால் (லேத்தின் மறுமுனைத் தாங்கியால்) டையை நேராகத் தாங்கி, நல்ல கட்டிங் ஆயில் ஊற்றி மெதுவாகப் போட்டால் மரை சுத்தமாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அத்தனை விசைப்படகுகளும் அப்போதுதான் பழுது பார்க்கக் கரைக்கு வருகின்றன. ஒவ்வொரு ஸ்டட்டையும் பத்துத் தடவை லேத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் மற்ற வேலைகளை யார் பார்ப்பது? மேலும், எங்கள் லேத்தின் லீட் ஸ்குரூ, அதாவது கருவியை நகர்த்தும் நீள மரைத் தண்டு, அங்குலக் கணக்கு. எம்12 மரைக்கு 1.75 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) வேண்டும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்: அதற்கு 127 பல் சக்கரம் இருக்கிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அந்தச் சக்கரத்தைக் கோத்தால் அங்குல லீட் ஸ்குரூவிலேயே மில்லிமீட்டர் மரை துல்லியமாக விழும். ஆனால் மரை முடியும்வரை ஹாஃப் நட்டை (லீட் ஸ்குரூவைப் பற்றும் பிளவு நட்டை) திறக்கக் கூடாது, அதை மூடும் நேரம் காட்டும் மரை டயலை நம்பவும் கூடாது. கருவியைப் பின்னிழுத்து, மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும். பலர் இங்கே பொறுமையிழந்து ஹாஃப் நட்டைத் திறந்துவிடுகிறார்கள்; அடுத்த வெட்டு முந்தைய மரையின் தலையிலேயே ஏறிவிடும்.

லேத்தில் வெட்டினாலே சரிவு பளபளக்கும் என்பதும் சரியல்ல. இந்த மரைக்கு ஆழம் ஏறத்தாழ 1.07 மி.மீ. கருவியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை 29.5 டிகிரிக்குத் திருப்பி வைத்தால் கருவி பெரும்பாலும் ஒரு பக்கச் சரிவை மட்டும் வெட்டும். வெட்டுப்பட்ட உலோகச் சுருள் தடையில்லாமல் வெளியேறும். கடைசியில் 0.02, 0.03 மி.மீ. என்று வருடிக்கொண்டே இருந்தால் 316 வெட்டுப்படாமல் தேய்ந்து, மேற்பரப்பு இறுகிவிடும். இறுகிய பரப்பில் டை மட்டுமல்ல, லேத் கருவியும் தோற்கும்.

முதுநகர் டர்னர்: அப்படியானால் குற்றம் கருவியில் இல்லை, வெட்டும் முறையில்தான் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், சார். பிளவு டையை (ஓரிடத்தில் பிளந்த, அளவு மாற்றக்கூடிய டையை) திருகால் சற்று விரித்து ஒரு முறை, இறுக்கி ஒரு முறை என இரண்டு ஓட்டமாகப் போட்டால் சுமை பாதியாகிறதே.

தேங்காய்த்திட்டு மெக்கானிக்: தம்பி, விரித்த டை கம்பியில் நேராக ஏறும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? தொடக்கம் சாய்ந்தால் மரை கடைசிவரை சாய்ந்தே போகும். லேத்தில் அந்தப் பயம் இல்லை. கருவியை நடத்துவது லீட் ஸ்குரூ, கை அல்ல.

வில்லியனூர்: மீட்டர் கணக்கில் கிடைக்கும் முழு மரைக் கம்பியை வாங்கி வெட்டிக்கொள்ளலாமே? உருட்டிச் செய்த மரையில் உலோக இழை அறுபடுவதில்லை. சரிவும் அழுத்தத்தில் வழவழப்பாகிவிடும்.

தேங்காய்த்திட்டு மெக்கானிக்: வலிமைக்கு அது மிக நல்லது. என் கிளாண்டில் நடுப்பகுதி மொழுமொழுவென்று இருந்தாக வேண்டும். அங்கே மரை இருந்தால் உப்பும் மணலும் தங்கும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்: எந்த வழியில் போட்டாலும், நட்டு ஏற்றும் முன் மரையில் பற்றுத்தடுப்புப் பசை (ஆன்டி-சீஸ்) தடவுங்கள். எஸ்.எஸ். மரையை உலர்ந்தபடி இறுக்குவது மிகத் தவறு.

முதுநகர் டர்னர்: அண்ணா, முறிந்ததன் மீதித் துண்டு இன்னும் ஹவுசிங்கில் (ஸ்டட் ஏறும் கூட்டில்)தானே இருக்கிறது? நடுவில் சரியாகப் புள்ளி குத்தி, இடப்பக்கம் சுழலும் டிரில்லால் மெதுவாகத் துளையிடுங்கள். பல நேரம் துண்டு தானாகவே கழன்று வரும். வராவிட்டால் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்குங்கள், ஆனால் 10.2 மி.மீ. தாண்டாதீர்கள். தாண்டினால் ஹவுசிங்கின் மரையும் போய்விடும். புது ஸ்டட்டுகளை நான் டையிலேயே போட்டுத் தருகிறேன், சரிவை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

தேங்காய்த்திட்டு மெக்கானிக்: துளை அளவுக்கு நன்றி, அப்படியே செய்கிறேன். ஸ்டட்டுகளை லேத்தில்தான் கேட்பேன், தம்பி. தாமதமானால் காத்திருக்கிறேன்.